பெட்டகப் பூட்டில் சாவி உடைந்துவிட்டதா? முதலில் கையை எடுங்கள்!

ஜூரோங் வெஸ்ட்டில் உங்கள் வீவக வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணி. மறுநாள் காலை திருச்சிக்கு விமானம், அங்கே உறவினர் திருமணம். அம்மாவின் அட்டிகையும் எல்லாருடைய கடப்பிதழ்களும் அலமாரிக்குள் இருக்கும் இரும்புப் பெட்டகத்தில்.

சாவியைப் போட்டுத் திருப்புகிறீர்கள். கொஞ்சம் இறுக்கம். "எப்பவும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் அழுத்து" என்கிறார் அப்பா. அழுத்துகிறீர்கள்.

டக்!

கையில் பாதிச் சாவி. மீதி பூட்டுக்குள்.

பதறாதீங்க. சாவி உடைந்ததால் மட்டும் பெட்டகம் கெட்டுவிடுவதில்லை. பெரும்பாலும் பூட்டும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த 10 நிமிடத்தில் அவசரப்பட்டு நாம் செய்வதுதான் சின்னப் பிரச்சினையைப் பெரிய செலவாக மாற்றும். சரி, என்ன செய்யலாம், எங்கே நிறுத்தவேண்டும்?

செய்யக்கூடாத 5 காரியங்கள்

1. கையில் இருக்கும் பாதிச் சாவியைத் திரும்ப உள்ளே நுழைக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் துண்டை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும்.

2. பசை வேண்டாம். குச்சியில் சூப்பர் குளூ தடவித் துண்டை ஒட்டி இழுக்கும் காணொளிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பசை மெல்லிய இடுக்குகளில் தானாகவே பரவும், சில விநாடிகளில் இறுகிவிடும். சாவித் துண்டோடு பூட்டின் உள்பாகங்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டால், எடுக்கக்கூடிய துண்டும் எடுக்க முடியாததாகிவிடும்.

3. சுத்தியல், துளைக்கருவி, கடப்பாரை எதுவும் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

4. சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். இப்போது வழுக்கினாலும் நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும்.

5. உடைந்த சாவியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ போடாதீர்கள். படத்தை வைத்தே சாவி செய்ய முடியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2008இல் அதைச் செய்து காட்டினார்கள். ஏறக்குறைய 60 மீட்டர் தூரத்தில் மேசைமேல் கிடந்த சாவிகளைக் கட்டடக் கூரையிலிருந்து படம்பிடித்தே அவற்றின் வெட்டுகளைக் கணினியால் கணக்கிட்டார்கள்.

உடைந்த பாதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சின்ன உறையில் போட்டு வையுங்கள். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பார்த்துப் புதுச் சாவி வெட்ட முடியும். சாவித் தலையில் எண் பொறித்திருந்தால் அதுவும் உதவும்.

சாவி ஏன் உடைகிறது?

ஒரே நாளில் சாவி உடைவது அரிது. தினம் தினம் திருப்பும்போது அதன் மெல்லிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். அது வளர்ந்து வளர்ந்து ஒருநாள் முறியும். பித்தளைச் சாவி கொஞ்சம் வளைந்து எச்சரிக்கும். மலிவான பெட்டகங்களோடு வரும் துத்தநாகக் கலவைச் சாவி எச்சரிக்காமலே ஒடியலாம்.

ஆனால், சாவியை அவ்வளவு அழுத்தித் திருப்பவேண்டிய நிலை எதனால் வருகிறது?

பெட்டகத்துக்குள் அளவுக்கு மீறி அடைத்திருப்பீர்கள். கோப்புகளும் நகைப்பெட்டிகளும் கதவை உள்ளிருந்து வெளியே தள்ளும். அப்போது கதவின் தாழ்கள் சட்டத்தில் உரசி இறுகும்.

கைப்பிடியும் காரணமாக இருக்கலாம். சாவியைத் திருப்பும் அதே நேரத்தில் கைப்பிடியையும் அழுத்திப் பிடித்தால் பூட்டின்மேல் சுமை ஏறும்.

நம் ஊர் ஈரப்பதமும் ஒரு காரணம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பல ஆண்டு திறக்காமல் வைத்த பெட்டகத்தின் பூட்டு, துருவாலும் உலர்ந்த பழைய மசகாலும் இறுகியிருக்கும்.

கடைசியாக, நகலின் நகல். மூலச் சாவியிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று வெட்டும்போது ஒவ்வொரு முறையும் சிறு பிழை சேரும். பூட்டு அதை ஏற்காது. நாம் பலத்தைக் கூட்டுவோம்.

ஆக, சாவி இறுகுவது ஓர் எச்சரிக்கை. அடுத்த முறை அப்படி இறுகினால் சாவியை அழுத்தாதீர்கள். ஒரு கையால் கதவை உள்நோக்கி அழுத்துங்கள், கைப்பிடியைத் தளர்வாக விடுங்கள், பிறகு சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

உங்கள் பூட்டு எந்த வகை?

என்ன செய்யலாம் என்பதைப் பூட்டின் வகைதான் முடிவுசெய்யும்.

லீவர் பூட்டு: நீளமான தண்டு, அதன் முனையில் ஒரு பக்கமோ இரு பக்கமோ கொடிபோல விரியும் பற்கள். உங்கள் சாவி இப்படி இருந்தால் அது லீவர் பூட்டு. பழைய இரும்புப் பெட்டகங்கள் பலவற்றில் இதுதான். உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஊரில் பாட்டி வீட்டுத் திண்டுக்கல் பூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டும் லீவர் முறையில் இயங்குவதுதான்.

பின் பூட்டு: வீட்டு வாசல் சாவிபோலத் தட்டையாக, ஒரு விளிம்பில் மலைத்தொடர்போல வெட்டுகளோடு இருக்கும் சாவி. உள்ளே சின்னச் சின்ன உலோகப் பின்களும் ஸ்பிரிங்குகளும் இருக்கும்.

எண்பலகைப் பெட்டகம்: இப்போது பல வீடுகளில் இருப்பது இதுதான். பேட்டரியில் இயங்கும். பேட்டரி தீர்ந்தாலோ இரகசிய எண் மறந்தாலோ பயன்படுத்த ஓர் அவசரச் சாவி இருக்கும். அதன் துளை பெரும்பாலும் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

உங்களுடையது எண்பலகைப் பெட்டகம் என்றால் நல்ல செய்தி. பல மாடல்களில் அவசரச் சாவி உடைந்தாலும் எண்பலகை வேலைசெய்யும். பேட்டரி தீர்ந்ததால்தானே சாவியை எடுத்தீர்கள்? பேட்டரி அறை வெளிப்புறத்தில் இருந்தால் புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். உள்ளே இருந்தால், வெளியே மின்சாரம் கொடுக்க ஏதாவது முனை இருக்கிறதா என்று தேடுங்கள். சில மாடல்களில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப்பிடிக்க இரண்டு புள்ளிகள் இருக்கும். சிலவற்றோடு தனி பேட்டரிப் பெட்டியே வரும். எண்ணைப் பலமுறை தவறாக அழுத்தியிருந்தால் சில நிமிடங்கள் பூட்டு எதையும் ஏற்காது. கொஞ்சம் காத்திருந்து மீண்டும் முயலுங்கள்.

நீங்களே எடுத்துப் பார்க்கலாமா?

பின் பூட்டு என்றால், ஒரு முறை நிதானமாக முயலலாம்.

முதலில் கைத்தொலைபேசியின் விளக்கை அடித்துப் பாருங்கள். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? உள்ளே புதைந்திருக்கிறதா? சாவித்துளை எந்தப் பக்கம் பார்க்கிறது?

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். சாவியைப் போட்ட நிலையில்தான் சாவியை வெளியே எடுக்க முடியும். பாதி திருப்பிய நிலையில் உடைந்திருந்தால், உள்ளே இருக்கும் பின்கள் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் வராது. சின்னத் தட்டைத் திருப்புளியால் துளையை மெதுவாகத் தொடக்க நிலைக்குத் திருப்புங்கள். திரும்பவில்லையா? அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

துளை நேராக இருந்தால், கொஞ்சம் கிராஃபைட் தூள் தூவுங்கள். ஹார்ட்வேர் கடைகளில் பூட்டுக்கென்றே விற்பார்கள். ஏற்கெனவே எண்ணெய் போட்ட பூட்டில் கிராஃபைட் வேண்டாம், இரண்டும் சேர்ந்து களிம்பாகிவிடும்.

துண்டு நீட்டிக்கொண்டிருந்தால், கூர்மூக்குக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். முறுக்கக்கூடாது. நுனி நழுவி நழுவி உள்ளே போகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

துண்டு புதைந்திருந்தால், உடைந்த சாவி எடுக்கும் கொக்கி என்று ஒரு கருவி உண்டு. முனையில் கொக்கி உள்ள மெல்லிய எஃகுத் தகடு. அதைச் சாவியின் வெட்டுள்ள பக்கமாக நுழைத்து, கொக்கியை ஒரு வெட்டில் மாட்டி மெதுவாக இழுக்கவேண்டும். ஹேர்பின், ஊசி வேண்டாம். அவை உள்ளே ஒடிந்தால் எடுக்கவேண்டியது இரண்டாகிவிடும்.

"காந்தம் வைத்து இழுத்தால்?" பித்தளையையும் துத்தநாகக் கலவையையும் காந்தம் ஈர்க்காது. எஃகுச் சாவி என்றால் மட்டும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. கையில் இருக்கும் பாதியைக் குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

லீவர் பூட்டு என்றால், துண்டு துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தவிர நீங்கள் கைவைக்க வேண்டாம். பற்கள் உள்ள முனை உள்ளே எந்த நிலையிலும் சிக்கியிருக்கலாம், தகடுகளுக்கு அடியில் விழுந்தும் கிடக்கலாம். தோண்டினால் தகடுகளும் ஸ்பிரிங்குகளும் வளையும். பிறகு சரியான சாவி கிடைத்தாலும் பூட்டு திறக்காது.

கதவு திறந்திருக்கும்போது சாவி உடைந்தால், தயவுசெய்து கதவைச் சாத்தாதீங்க. பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே வைத்துப் பூட்டை மாற்றுங்கள். அதுதான் ஆகக் குறைந்த செலவு.

பலத்தைக் கண்டால் இறுகும் பூட்டு

சுத்தியல் வேண்டாம் என்றோமே, அதற்குக் காரணம் 200 ஆண்டுக்கு முன்பே தொடங்குகிறது.

1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் போலிச் சாவிகளால் திருட்டு நடந்தது. தனக்குரிய சாவியைத் தவிர வேறு எதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் போட்டி அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் ஒரு லீவர் பூட்டை உருவாக்கி, 100 பவுண்டு பரிசையும் வென்றார். யாராவது தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் அந்தப் பூட்டு தானாகவே சிக்கிக்கொள்ளும். பிறகு சரியான சாவியால்கூட உடனே திறக்க முடியாது. உரிமையாளருக்கு "யாரோ கைவைத்திருக்கிறார்கள்" என்று தெரிந்துவிடும்.

1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதே வகைப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துகாட்டினார். அவர் எதையும் உடைக்கவில்லை. பூட்டின் குணத்தைப் புரிந்துகொண்டு, பொறுமையாகத்தான் திறந்தார்.

அந்த யோசனை இன்றைய பெட்டகங்களிலும் வாழ்கிறது. தரமான பெட்டகங்களின் கதவுக்குள் மறுபூட்டு என்ற ஏற்பாடு இருக்கும். யாராவது பூட்டை அடித்து உள்ளே தள்ளினாலோ தவறான இடத்தில் துளைத்தாலோ, ஸ்பிரிங்கோடு காத்திருக்கும் இன்னொரு தாழ் பாய்ந்து கதவை நிரந்தரமாக இறுக்கிவிடும். உயர்ரகப் பெட்டகங்கள் சிலவற்றில் கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். அது உடைந்தாலே மறுபூட்டுகள் பாய்ந்துவிடும்.

அடிப்பது திருடனா, விமானத்தைப் பிடிக்க அவசரப்படும் நீங்களா என்று பெட்டகத்துக்குத் தெரியாது. இருவரையும் ஒன்றாகத்தான் நடத்தும்.

ஆளை அழைக்கும்போது...

பல வட்டாரங்களில் செருப்புத் தைப்பவரே சாவியும் நகலெடுப்பார். வீட்டுச் சாவிக்கு அது போதும். பெட்டகத்தின் லீவர் சாவிக்கு ஏற்ற வெற்றுச் சாவி அங்கே இருப்பது அரிது. "பெட்டகம் திறந்து பழக்கம் உண்டா?" என்று கேட்டு, அந்த வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

அழைப்பதற்கு முன் பெட்டகத்தின் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவின் முன்புறத்திலோ பின்பக்கத்திலோ இருக்கும். வாங்கிய ரசீது இருந்தால் விற்ற நிறுவனத்திடமே முதலில் கேளுங்கள். நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்டினால் சில நிறுவனங்கள் புதுச் சாவியே செய்து தரும்.

தொலைபேசியில் கேட்கவேண்டியவை:

- உடைக்காமல் திறக்க முதலில் முயல்வீர்களா?
- வந்து பார்க்க மட்டும் கட்டணம் உண்டா?
- துளைக்கவேண்டியிருந்தால் கூடுதலாக எவ்வளவு? துளையை அடைத்துத் தருவீர்களா?
- புதிய பூட்டு, போக்குவரத்து, இரவு நேரக் கட்டணம், பொருள் சேவை வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். வேலை தொடங்கிய பிறகு "இது கஷ்டமான பூட்டு, மூணு மடங்கு ஆகும்" என்றால் மறுக்க அதுதான் ஆதாரம்.

நல்ல நிபுணர் உங்களையும் கேள்வி கேட்பார். "இது யாருடைய பெட்டகம்? அடையாள அட்டை இருக்கிறதா?" என்றால் கோபப்படாதீர்கள். கேட்காமல் திறப்பவரைத்தான் சந்தேகப்படவேண்டும். துளைத்தே ஆகவேண்டும் என்றாலும், தெரிந்தவர் சரியான புள்ளியில் சில மில்லிமீட்டர் துளைதான் போடுவார். வேலை முடிந்ததும் அதைக் கடினமான எஃகால் அடைத்துவிடலாம். பெட்டகத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

இணைய விளம்பரத்தில் கண்ட ஒருவர் முன்பதிவுக்கு ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னால், உடனே நிறுத்துங்கள். வீட்டுச் சேவை விளம்பரம் வழியாகத் தீங்குமென்பொருளை ஏற்றும் மோசடி இங்கே நடந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவித் தொலைபேசி 1799ஐ அழையுங்கள்.

கட்டணத் தகராறு என்றால் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. 2 ஆண்டுக்குள் பதிவுசெய்யவேண்டும். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

கடப்பிதழ் உள்ளே சிக்கிக்கொண்டால்...

பதற்றத்தில் கடப்பிதழ் தொலைந்துவிட்டது என்று புகார்செய்துவிடாதீர்கள். புகார்செய்தால் அது ரத்தாகிவிடும். பிறகு பெட்டகம் திறந்து அது கையில் கிடைத்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்ய முடியாது. முதலில் விமான நிறுவனத்திடம் பயணத்தைத் தள்ளிவைக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். நள்ளிரவு அவசரக் கட்டணத்தைவிட அது மலிவாகவும் இருக்கலாம்.

தாத்தாவின் பெட்டகம் என்றால்...

இறந்துபோன ஒருவரின் பெட்டகத்தில் சாவி உடைந்தால் பூட்டைவிட நம்பிக்கைதான் பெரிய பிரச்சினை. நீங்கள் நல்லெண்ணத்தோடு தனியாகத் திறந்தாலும், "உள்ளே இன்னும் நகை இருந்ததே" என்று ஒரு பேச்சு எழுந்தால் போதும், அண்ணன் தம்பி உறவே முறிந்துபோகலாம்.

இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. ஒடிசா மாநிலம் புரி ஜகந்நாதர் கோவிலின் கருவூல உள்ளறைச் சாவி காணவில்லை என்று 2018இல் தெரியவந்தது. 2024 ஜூலை 14ஆம் தேதி கருவூலத்தைத் திறந்தபோது, கையில் இருந்த சாவிகளும் உள்ளறைக்குப் பொருந்தவில்லை. பூட்டுகளை உடைக்கவேண்டியதாயிற்று. ஆனால் மாஜிஸ்திரேட் முன்னிலையில் உடைத்தார்கள், பிறகு புதுப் பூட்டு போட்டு முத்திரை வைத்தார்கள்.

நம் வீட்டுக்கு மாஜிஸ்திரேட் வேண்டாம். வாரிசுகள் எல்லாரும், வெளிநாட்டில் இருந்தால் காணொளி அழைப்பிலாவது, இருக்கட்டும். திறப்பதைப் படம்பிடியுங்கள். ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டு எல்லாரும் கையெழுத்திடுங்கள். உயில் உள்ளே இருக்கலாம். அதனால் எதையும் பிரித்துக்கொள்வதற்கு முன் சட்ட ஆலோசனை பெறுங்கள். வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் சாவி உடைந்தாலோ, நீங்கள் எதுவுமே செய்யவேண்டாம். ஊழியரைக் கூப்பிடுங்கள், அது வங்கியின் வேலை.

திறந்த பிறகு

"அப்பாடா!" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இன்னும் சில சின்ன வேலைகள் உண்டு.

மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது பெட்டகத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்! அதை வேறு இடத்தில், முடிந்தால் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். நகலெடுப்பதானால் மூலச் சாவியிலிருந்தே எடுங்கள்.

பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம்செய்யும் நாளில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே போடுங்கள். தீயைத் தாங்கும் பெட்டகங்களின் சுவருக்குள் இருக்கும் பொருளிலேயே ஈரம் உண்டு. தீயில் அது ஆவியாகித்தான் உள்ளே இருக்கும் காகிதத்தைக் காக்கிறது. ஆனால் சாதாரண நாள்களில் அதே ஈரம் கடப்பிதழையும் பத்திரங்களையும் பூசணம் பிடிக்கச் செய்யலாம். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். அப்போது பூட்டு இறுகத் தொடங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பெட்டகத்தின் வரிசை எண், சாவியின் எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பெட்டகத்துக்கு வெளியே வையுங்கள்.

பயணம் இருக்கிறதா? முதல் நாள் இரவு 10 மணிக்கு வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்பே கடப்பிதழை எடுத்து வைத்துவிடுங்கள். அன்றைக்குச் சாவி இறுகினாலும், "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று யாரும் சொல்லவேண்டிய அவசரம் இருக்காது.